செக் த்ரீ (செகண்டரி மூணாவது வருஷம்) பசங்க மினி ராக்கெட் ப்ராஜெக்ட்: சிங்கப்பூர்ல முடியுமா, எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?

அக்கா, நீங்க கேட்டத ஒருதடவ சுருக்கமா சொல்லிடறேன். பையன் செக் த்ரீ, நாலு பேர் குரூப்பு, சின்ன ராக்கெட் டிசைன் பண்ணி டெஸ்ட் பண்ணிக் காட்றோம்னு டீச்சர்கிட்ட தைரியமா சொல்லிட்டு வந்துட்டாங்க, இப்ப அவன் யூட்யூப்ல சர்க்கரைய வச்சு ராக்கெட் விடற வீடியோ பாத்துட்டு உங்க கிச்சன்ல வந்து நிக்கிறான், இது இங்க சட்டப்படி முடியுமா, செலவு எவ்ளோ ஆகும், எங்கேர்ந்து ஆரம்பிக்கணும், இதான கேள்வி? நான் ஒரு பாலிடெக்னிக்ல மெக்கானிக்கல் லேப்ல ரொம்ப வருஷம் இருந்தவன், வருஷத்துக்கு ரெண்டு மூணு குரூப்பாவது ராக்கெட் ராக்கெட்னு வந்து நிப்பாங்க, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன், டீ போட்டு வச்சுக்கிட்டு படிங்க.

மொதல்ல அவன கிச்சன்லேர்ந்து வெளிய அனுப்புங்க. இது விளையாட்டுக்குச் சொல்லல. வெடிக்கிற, எரிஞ்சு தள்ளுற கலவைய வீட்ல செய்யறது இங்க வெடிமருந்துச் சட்டத்துல போய் நிக்கும், லைசென்ஸ் இல்லாம செஞ்சாலும் குத்தம், வச்சிருந்தாலும் குத்தம். 1970 சீனப் புத்தாண்டுல பட்டாசால 6 பேர் செத்தாங்க, 1972ல நாடு முழுக்க பட்டாசுக்கே தடை வந்துருச்சு, நம்ம தீபாவளிக்குத் தேக்கால லைட்டு மட்டும் எரியறதுக்குக் காரணமே அதான். பட்டாசுக்கே அப்படின்னா ராக்கெட் மருந்துக்கு என்ன சொல்லப் போறாங்க. ஆன்லைன்ல அமெரிக்க சைட்டுல சி6-5ன்னு நம்பர் போட்ட ரெடிமேட் மோட்டார் விக்கும், அதையும் ஆர்டர் பண்ணிடாதீங்க, பார்சல் வீட்டுக்கு வராது, லெட்டர் வரும்.

அந்த ரெடிமேட் மோட்டார் வந்த கதைய மட்டும் பையன்கிட்ட சொல்லுங்க, அவனுக்குப் புரியும். 1957ல ஸ்புட்னிக் மேல போனதும் அமெரிக்கால ஊர் ஊருக்குப் பசங்க இரும்புக் குழாய்ல மருந்தக் கெட்டிச்சு ராக்கெட் விட ஆரம்பிச்சாங்க, விரல் போச்சு, கண்ணு போச்சு, சில பேருக்கு உயிரே போச்சு. அதுக்கு முன்னாடியே, 1954ல, நெப்ராஸ்கால செருப்புக்கடை வச்சிருந்த ஆர்வில் கார்லைல்ங்கறவரு அட்டைக் குழாய்ல சின்ன மோட்டார் வச்சு, பாராசூட்ல பத்திரமா எறங்குற ராக்கெட் செஞ்சு வச்சிருந்தாரு. அத ஒயிட் சாண்ட்ஸ் ஏவுதளத்துல வேல பாத்த ஹாரி ஸ்டைனுக்கு அனுப்பி வச்சாரு, மோட்டார ஃபேக்டரி செய்யட்டும், பசங்க மிச்சத்த செய்யட்டும்ங்கற ஏற்பாடு அங்கேர்ந்துதான் வளந்துச்சு. அந்த மிச்சம் இருக்கே, உடம்பு, ரெக்கை, நிக்குமா கவுறுமாங்கற கணக்கு, பாராசூட்டு, அளவு எடுக்கறது, அதுலதான் இன்ஜினியரிங் மொத்தமும் கெடக்கு. மருந்து கலக்கறதுல ஒண்ணும் இல்ல.

அப்ப தள்ளுறதுக்கு என்ன? தண்ணியும் காத்தும். வாட்டர் ராக்கெட்னு சொன்னதுமே பசங்க மூஞ்சி சுண்டிப் போயிடும், அது ப்ரைமரி ஸ்கூல் ஹாலிடே கேம்ப் சமாச்சாரம்லான்னு. எனக்கும் ஒருகாலத்துல அந்த நெனப்பு இருந்துச்சு. ஒரு நாள் கணக்குப் போட்டுப் பாத்தேன், அதோட போச்சு.

நீங்களும் பாருங்க. 1.5 லிட்டர் 100 பிளஸ் கேஸ் ட்ரிங்க் பாட்டில், உள்ள அரை லிட்டர் தண்ணி, மேல 4 பார் பிரஷர்ல காத்து, சைக்கிள் பம்புலயே அடிச்சிடலாம். பாட்டில் வாய் உள்விட்டம் சுமாரா 22 மில்லிமீட்டர். தள்ளுவிசை எவ்ளோன்னா ரெண்டு மடங்கு பிரஷர் பெருக்கல் வாயோட பரப்பளவு, அவ்ளோதான் ஃபார்முலா, போட்டுப் பாத்தா 300 நியூட்டன் வரும், அதாவது 30 கிலோ அரிசி மூட்டையத் தூக்குற விசை. ராக்கெட்டும் தண்ணியும் சேந்து 650 கிராம்தான். கெளம்புற நொடில 45 ஜி-க்கு மேல, அதாவது பூமி இழுக்கறத விட 45 மடங்கு. தண்ணி தீரப்போற நேரத்துல பிரஷர் பாதிக்கும் கீழ எறங்கியிருக்கும், ஆனா எடை வெறும் 150 கிராம் ஆயிடும், அதனால 90 ஜி தாண்டும். தண்ணி மொத்தமும் வெளிய போக ஆகுற நேரம் 0.06 செகண்டுக்கும் கொறவு. கண்ண சிமிட்டக்கூட அதவிட நேரம் ஆகும். இத செக் த்ரீ பையன்கிட்ட குடுத்து நீயே கண்டுபிடின்னு சொல்லுங்க, அவன் யூட்யூப மறந்துடுவான்.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன், நான் வர்ற குரூப்புக்கெல்லாம் இததான் சொல்லுவேன். எவ்ளோ உயரம் போச்சுங்கறதுல ஒண்ணும் இல்ல. சொல்லி வச்சு அடிக்கணும். விடறதுக்கு முந்துன நாளே பேப்பர்ல எழுதணும், நாளைக்கு இந்த ராக்கெட் 38 மீட்டர் போகும்னு, தேதி போட்டு கையெழுத்துப் போட்டு. மறுநாள் 29 வந்துச்சுன்னா அந்த 9 மீட்டர் எங்க போச்சுன்னு தேடறதுதான் ப்ராஜெக்ட். நாப்பதத் தொட்டோம்னு கைத்தட்டிட்டு ஃபோட்டோ எடுத்துக்கிட்டுப் போற குரூப்பு எனக்கு வேணாம். சொன்னது வராம மண்டையப் பிச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கற குரூப்புக்கு நான் லஞ்ச் டைம்ல கூட லேப் தொறந்து விட்டிருக்கேன்.

அப்படித் தேடற வேலைல நானே தப்பு பண்ணின கதை ஒண்ணு இருக்கு. நாலு பேர் குரூப், மூணு பொண்ணு ஒரு பையன். ராக்கெட்ட தலைகீழாக் கட்டி, கீழ லோட் செல் வச்சு, தள்ளுவிசைய அளக்குற ஸ்டாண்டு செஞ்சாங்க, அலுமினியம் ப்ரொஃபைல்ல, பாக்க நல்லா லட்சணமா இருந்துச்சு. லோட் செல்லுலேர்ந்து ஹெச்எக்ஸ் 711ங்கற சின்ன போர்டு, அங்கேர்ந்து ஈஎஸ்பி 32ங்கற குட்டி கம்ப்யூட்டர் போர்டு, அங்கேர்ந்து லேப்டாப். அஞ்சு தடவ சுட்டாங்க. கிராஃப்ல ஒருதடவ 6 நியூட்டன், ஒருதடவ 40, மூணு தடவ ஒண்ணுமே இல்ல, நேர்கோடு. கணக்கு 300ங்குது. நான் என்ன சொன்னேன்னா லோட் செல் போச்சு, மாத்துங்கன்னேன். சிம் லிம் டவர் போயி புதுசு வாங்கிட்டு வந்தாங்க. அதே கத. ஒயர மாத்துன்னேன், சாலிட்ரிங் சரியில்லன்னேன், ஒரு பொண்ணு மூஞ்சிய இத்துனூண்டா வச்சுக்கிட்டு மறுபடி சாலிடர் வச்சா. இப்படி ரெண்டு வாரம்.

கடைசில அந்தப் பொண்ணேதான் கண்டுபிடிச்சா. டேட்டாவ கிராஃபா பாக்காம நம்பரா ஸ்க்ரோல் பண்ணிப் பாத்தவ, சார், ரெண்டு ரீடிங்குக்கு நடுவுல 0.1 செகண்டு இருக்கு, ஆனா தண்ணி அதுக்குள்ள தீந்து போயிடுதேன்னா. அந்த போர்டு கடையில வர்றப்ப செகண்டுக்கு 10 ரீடிங்தான் எடுக்கும். அதுல ரேட்டுன்னு ஒரு பின் இருக்கு, அத சப்ளை வோல்டேஜோட சேத்து விட்டா 80 ரீடிங் எடுக்கும், நெறைய போர்டுல அந்தப் பின்ன கிரவுண்டோட, அதாவது மைனஸ் பக்கம், ஒட்டியே அனுப்பிடறாங்க, கத்தியால அந்தக் கோட்ட வெட்டிட்டு ஒயர் போடணும். வெட்டினோம். அப்பவும் 0.06 செகண்டுல நாலு ரீடிங்தான் கெடைக்குது, அதுவும் அந்த சிப்பு நிதானத்துக்கு வரவே சில ரீடிங் ஆகும், அதனால நம்பி எழுத முடியாது. அப்பறம் அவங்களே வேற வழி போனாங்க, சென்சார மாத்தாம ராக்கெட்ட மாத்தினாங்க. பாட்டில் வாய்ல தோட்டத்து ஓஸ் பைப்புக்குப் போடற ப்ளாஸ்டிக் கனெக்டர் ஒண்ண மாட்டினா ஓட்டை 9 மில்லிமீட்டர் ஆயிடும். தள்ளுவிசை 300லேர்ந்து 50 நியூட்டனுக்கு எறங்கும், நேரம் 0.06லேர்ந்து 0.3 செகண்டு பக்கம் நீளும். செகண்டுக்கு 80ன்னா இருபதுக்கு மேல புள்ளி, அழகா சரிவு தெரியும். இன்னொரு லாபமும் இருக்கு. வேகம் எவ்ளோ சீக்கிரம் ஏறுதுன்னு அளக்க எல்லாரும் வாங்குற எம்பியு 6050 ஆக்ஸிலரோமீட்டர் 16 ஜி வரைக்கும்தான் படிக்கும், அகல வாய்ல 90 ஜி அடிக்கறப்ப அது 16லயே ஒட்டிக்கிட்டு தட்டையா ஒரு கோடு காட்டும், சின்ன வாய்ல போனா கடைசிலகூட 15 ஜி சுமாருக்குத்தான் வரும், மயிரிழைல தப்பிக்கும். லோட் செல்லுக்காக நான் செலவு பண்ண வச்ச பன்னெண்டு வெள்ளிய அவங்களுக்கு திருப்பிக் குடுத்துட்டேன், அது வேற.

அந்த அளந்த சரிவ அப்படியே ஃபைலா மாத்தி ஓப்பன்ராக்கெட்டுல போடலாம். ராக்கெட் எப்படிப் பறக்கும்னு கணக்குப் போட்டுக் காட்ற ஃப்ரீ சாஃப்ட்வேர், ஃபின்லாந்துல சாம்போ நிஸ்கானென்ங்கற மாணவர் 2009ல தன்னோட மாஸ்டர்ஸ் தீசிஸுக்கு எழுத ஆரம்பிச்சது, இப்ப உலகம் பூராவும் ஸ்டூடண்ட் டீமெல்லாம் இதத்தான் வச்சிருக்கு. மருந்து மோட்டாருக்குன்னு செஞ்சதுதான், ஆனா தள்ளுவிசை நேரத்துக்கு நேரம் எவ்ளோன்னு நம்ம நம்பர நாமளே குடுக்கலாம். கோடிங் தெரிஞ்ச பையன் குரூப்புல இருந்தா ஒரு மில்லிசெகண்டு ஒரு மில்லிசெகண்டா நகத்தி பைத்தான்லயோ எக்ஸெல்லயோ அவனே எழுதறது இன்னும் நல்லது. தண்ணி போறப்ப, தண்ணி தீந்து மிச்ச காத்து போறப்ப, அப்பறம் சும்மா மேல போறப்பன்னு மூணு கட்டம், அவ்ளோதான்.

பாட்டிலப் பத்தி ஒண்ணு கண்டிப்பா சொல்லணும். கேஸ் ட்ரிங்க் பாட்டில் மட்டும்தான். மினரல் வாட்டர் பாட்டில் பிரஷர் தாங்கறதுக்குச் செஞ்சதே இல்ல, தொடவே வேணாம். ரெக்கைய ஒட்ட க்ளூ கன் எடுப்பாங்க, கைய தட்டி விடுங்க. அந்த பிளாஸ்டிக் 70 டிகிரி பக்கம் வந்தாலே எளகிடும், சூடு க்ளூ பட்ட எடத்துல பாட்டில் சுருங்கிப் போயி மெலிசா ஆயிடும், பாத்தா தெரியாது, 4 பார்ல தெரியும். டபுள் சைடு டேப்பு, இல்ல பாலியூரித்தேன் க்ளூ. சொரசொரப்புப் பேப்பர் போட்டுத் தேய்க்கறதும் வேணாம்.

டெஸ்ட் எப்படின்னா, புதுசா ஒரு டிசைன் வந்தா மொதல்ல பாட்டில் முழுக்க தண்ணிய ரொப்பிட்டு, காத்துக்கு எடமே இல்லாம, அப்பறம் பம்பு அடிக்கணும், 4 பார்ல விடப்போறீங்கன்னா 6 வரைக்கும் ஏத்திப் பாக்கணும். தண்ணி அமுங்காது, அதனால அதுக்குள்ள சக்தி சேராது, பாட்டில் கிழிஞ்சாலும் புஸ்ஸுன்னு ஒழுகும், அவ்ளோதான். அதே 6 பார் வெறும் காத்தா இருந்து கிழிஞ்சா காது அடைச்சிடும், துண்டு பறக்கும். பெரிய பாய்லர், கேஸ் டேங்கையெல்லாம் தண்ணி ரொப்பி டெஸ்ட் பண்றதும் இதே காரணத்துக்குத்தான். ஒவ்வொரு தடவ பிரஷர் ஏத்தறப்பவும் மார்க்கர்ல பாட்டில் மேல ஒரு கோடு போடச் சொல்லுங்க, ஜெயில் செவத்துல நாள் எண்ற மாதிரி. எத்தன கோட்டுல ரிட்டையர்னு குரூப்பே முன்னாடியே முடிவு பண்ணி எழுதிடணும், ஆசப்பட்டு இன்னும் ஒண்ணு இன்னும் ஒண்ணுன்னு போகக்கூடாது. பிரஷர் ஏத்தினதுக்கு அப்பறம் யாரும் கிட்ட போகக்கூடாது, பத்து மீட்டர் தள்ளி நின்னு கயிறு இழுத்து விடணும், கண்ணாடி போடணும், கோளாறுன்னா தூரத்துலேர்ந்தே காத்த எறக்குற மாதிரி ஒரு வால்வு இருக்கணும். இதெல்லாம் ரிஸ்க் அசெஸ்மெண்ட் ஃபார்ம்ல எப்படியும் எழுதித்தான் ஆகணும், ஸ்கூல்ல அது இல்லாம பேனா கூட நகராது.

நேரா போகுமாங்கறது அடுத்தது. எடை மையம்னு ஒரு புள்ளி, காத்து அழுத்தற மையம்னு ஒரு புள்ளி. எடை மையம் முன்னாடி இருக்கணும், காத்து மையம் பின்னாடி இருக்கணும், நடுவுல ஒரு விட்டம், ஒன்றரை விட்டம் எடைவெளி. 1.5 லிட்டர் பாட்டில்னா விட்டம் 9 சென்டிமீட்டர் சுமாரு. இது கொறஞ்சா ராக்கெட் குட்டிக்கரணம் போடும். ரொம்ப அதிகமானா காத்து எந்தப் பக்கம் அடிக்குதோ அந்தப் பக்கம் மூக்கத் திருப்பிக்கிட்டு ஓடும், இத யாரும் சொல்ல மாட்டாங்க, ரெக்கை பெருசா வச்சா நல்லதுன்னு நெனச்சு பெருசாக்கிக்கிட்டே போவாங்க. ஒரு குரூப்பு வீடு விக்கற ஏஜெண்ட் போஸ்டர் மாட்ற ப்ளாஸ்டிக் போர்டுல முறம் சைஸுக்கு ரெக்கை வெட்டி ஒட்டிச்சு, ராக்கெட்டு மேல போகாம அப்படியே படுத்துக்கிட்டு கடல் பக்கமா பறந்து லாங்காங்ல, அதான் வடிகால்ல, போய் விழுந்துச்சு.

காத்து மையத்த கணக்குப் போட ஜேம்ஸ் பேரோமேன் ஃபார்முலா இருக்கு. நாசால சவுண்டிங் ராக்கெட் பக்கம் வேல பாத்தவரு, 1960கள்ல எளிமையாக்கி எழுதினது, செக் த்ரீ கணக்கே போதும், கூட்டல் பெருக்கல் வர்க்கமூலம், ஓப்பன்ராக்கெட்டும் இதையேதான் உள்ள வச்சிருக்கு. ஆனா அதுக்கு முன்னாடி கையால பாக்க ஒரு வழி இருக்கு. எடை மையத்துல நூலக் கட்டி, மூணு மீட்டர் நூல் விட்டு, தலைக்கு மேல சுத்தணும். மூக்க முன்னாடி வச்சுக்கிட்டு சுத்தினா பாஸ். வால முன்னாடி காட்டினாலோ தள்ளாடினாலோ மூக்குல கொஞ்சம் களிமண்ணு அப்பிட்டு மறுபடி. ஸ்கூல் ஹால்ல சுத்தச் சொல்லுங்க, உங்க புளோக்குக்குக் கீழ காலியா இருக்கற வாய்ட் டெக்ல வேணாம், கீழ செஸ் ஆடற தாத்தாங்க எந்திரிச்சு வருவாங்க.

உயரத்த எப்படி அளக்கறது? ரெண்டு விதமா அளக்கச் சொல்லுங்க, ரெண்டும் ஒத்து வரலன்னா அதுவே ஒரு பக்கம் எழுத மேட்டர். ஒண்ணு கோணமானி, ஸ்ட்ரா, நூல்ல ஒரு நட்டு. 50 மீட்டர் தள்ளி நின்னு பாத்து, டேன் போட்டு. இதுல ஒரு டிகிரி கை நடுங்கினா 40 மீட்டர் உயரத்துல ஒன்றரை மீட்டர் தப்பு வரும், அத அவனே கணக்குப் போட்டு எழுதணும். இன்னொண்ணு பிஎம்பி 280 பிரஷர் சென்சார், நம்ம ஊரு மாதிரி கடல் மட்டத்துல ஒரு மீட்டர் ஏறினா பிரஷர் 12 பாஸ்கல் கொறையும், அத வச்சு உயரம். இதுல ஒரு பொறி இருக்கு. சென்சார் இருக்கற அறைக்கு காத்து போக ஓட்டை போடணும்ல, அத மூக்குல நேரா போட்டுட்டா செகண்டுக்கு 30 மீட்டர் வேகத்துல காத்து உள்ள அமுக்குற பிரஷரே 540 பாஸ்கல், அதாவது 45 மீட்டர் தப்பு, ராக்கெட் மேல போறப்ப சென்சார் பூமிக்குள்ள போறோம்னு சொல்லும். ஓட்டை பக்கவாட்டுல, மூக்குலேர்ந்து தள்ளி, மழமழன்னு இருக்கற எடத்துல வரணும். வெயில் நேரா பட்டாலும் அந்த சிப்பு உளறும், கறுப்பு டேப்ப ஒட்டி மறைங்க.

பாராசூட் தொறக்கறதும் இந்த சென்சார வச்சுத்தான். 9 கிராம் செர்வோ, அதாவது சொன்ன கோணத்துக்குத் திரும்புற குட்டி மோட்டார், ஒண்ணு மூடிய விடுவிக்கும். எப்பன்னா உச்சிய தாண்டினதும். ஒரு ரீடிங் எறங்கினதுமே தொறக்கச் சொல்லி கோட் எழுதுவாங்க, லாஞ்சர்லயே தொறந்துக்கும், ஏன்னா சென்சார் ரீடிங் சும்மாவே மேல கீழ ஆடும். மொத ஒரு செகண்டு எதையும் நம்பாத, அப்பறம் தொடர்ச்சியா அஞ்சு ரீடிங் எறங்கினா மட்டும் தொற, எதுவும் நடக்கலன்னாலும் நாலு செகண்டுல தொறந்துடு, இப்படி. 45 சென்டிமீட்டர் பாராசூட், 150 கிராம் ராக்கெட், செகண்டுக்கு நாலரை மீட்டர்ல எறங்கும், சைக்கிள்ல மெதுவா போற வேகம். பாராசூட்ட பெருசாக்கினா இன்னும் பத்திரம்தானேன்னு கேப்பாங்க. 40 மீட்டர்லேர்ந்து எறங்க 9 செகண்டு, காத்து செகண்டுக்கு 5 மீட்டர் அடிச்சா 45 மீட்டர் நகந்துடும், ஸ்கூல் ஃபீல்டோட பாதி. பெரிய பாராசூட்னா வேலிக்கு அந்தப் பக்கம், எக்ஸ்பிரஸ்வே. அதனால சின்னதா, கொஞ்சம் வேகமா எறங்குற மாதிரி வைக்கறதுதான் நம்ம ஊருக்கு சரி.

எங்க விடறது, அனுமதி என்ன. நம்ம தீவு எவ்ளோ பெருசு, அதுல சாங்கி, சிலேத்தார், பாயா லேபார், தெங்கா, செம்பாவாங்னு ஏர்போர்ட்டும் ஏர்பேஸுமா அஞ்சு. ட்ரோனுக்கு விதி எல்லாருக்கும் தெரியும், இவங்கள்லேர்ந்து 5 கிலோமீட்டருக்குள்ளயோ கடல் மட்டத்துலேர்ந்து 200 அடிக்கு மேலயோ விடணும்னா பெர்மிட் வேணும். 200 அடின்னா 61 மீட்டர், சுமாரா 20 மாடி புளோக். பாட்டில் ராக்கெட்டுக்கு அப்படியே இந்த விதிதான்னு நான் சொல்ல வரல, ஆனா அந்த ரெண்டு நம்பரையும் கோடா வச்சுக்கிட்டு, டிசைனே 45 மீட்டரத் தாண்டாத மாதிரி பண்ணிட்டு, ஸ்கூல் மூலமா சிஏஏஎஸ்-க்கு (சிங்கப்பூர் சிவில் விமானத்துறை) ஒரு ஈமெயில் போட்டு பதில வாங்கி வச்சுக்கிறது நல்லது. ஸ்கூல் ஃபீல்டுலயே விடுங்க, பார்க்குக்கு போகாதீங்க. ஒருதடவ ஸ்கூல்ல ஒத்துக்கவே இல்ல, ஃபீல்டுக்கு ஏதோ புல்லு வேல, அந்த குரூப்பு ராக்கெட்ட விடாமலேயே ஸ்டாண்டு டெஸ்ட், பாராசூட்ட நாலாவது மாடி படிக்கட்டுலேர்ந்து போட்டு டைம் எடுக்கறது, ஃபேன் வச்சு காத்துத் தடை அளக்கறதுன்னு முழு ப்ராஜெக்ட்டயும் பண்ணி முடிச்சுது, அதுல ஒண்ணும் கொறையே தெரியல. நம்ம நாடே அப்படித்தான, ராக்கெட் விட எடம் கெடையாது, 2011ல என்டியு (நன்யாங் யுனிவர்சிட்டி) செஞ்ச எக்ஸ்-சாட் சாட்டிலைட்டும் 2015ல டெலியோஸ்-1 கூடவே போன அஞ்சும் ஸ்ரீஹரிகோட்டாலேர்ந்துதான் பிஎஸ்எல்வி ஏறிப் போச்சு, ஆனா சாட்டிலைட் செய்யற வேல இங்கயும் நடக்குது.

எத்தன தடவ விடணும்னு கேட்டா, ஒரு செட்டிங்குக்கு மூணு தடவயாவது. தண்ணி எவ்ளோ ஊத்தினா அதிக உயரம்னு பாக்கறதுதான் வழக்கமான எக்ஸ்பெரிமெண்ட், மூணுல ஒரு பங்குன்னு எல்லா வெப்சைட்லயும் போட்டிருக்கும். உண்மைல அந்த உச்சி மொட்ட மாடி மாதிரி தட்டையா இருக்கும். கால் பங்கு ஊத்தினாலும் சரி, 35 சதவீதம் ஊத்தினாலும் சரி, ஒரு மீட்டர் ரெண்டு மீட்டர்தான் வித்தியாசம். ஆனா ஒரே செட்டிங்ல மூணு தடவ விட்டா அதுவே மூணு மீட்டர் ஆடும், காத்து, பம்பு கேஜ்ல ஊசி, யாரு கயிற இழுத்தாங்கறது வரைக்கும். அப்ப 33 சதவீதம்தான் பெஸ்ட்டுன்னு எழுதினா அது பொய். எங்க அளவுக் கருவிக்கு 25க்கும் 35க்கும் வித்தியாசம் தெரியலன்னு எழுதற பையனுக்கு நான் அள்ளிக் குடுப்பேன் மார்க்க. உங்க டீச்சர் எப்படியோ, கேட்டுப் பாருங்க.

நேரம் காலைல எட்டுலேர்ந்து பத்துக்குள்ள வச்சுக்கங்க, கடல் காத்து எழும்பறதுக்கு முன்னாடி. மத்தியானம் மழைக்காரன் கண்டிப்பா வருவான், கேட் ஒன், அதாவது மின்னல் எச்சரிக்கை, போட்டாங்கன்னா ஃபீல்டு மூடிடுவாங்க, பம்பு கையோட உள்ள ஓடி வரணும். ஜூன்லேர்ந்து செப்டம்பர் வரைக்கும் விடியக்காலைல சுமத்ரா காத்து வேற மழையக் கூட்டிக்கிட்டு அடிச்சுட்டுப் போகும், அதுக்கு ஸ்பேர் தேதி ரெண்டாவது கேட்டு வாங்கிடணும். த்ரீடி பிரிண்டர்ல அடிச்ச ரெக்கையக் கார்ல விட்டுட்டு சாப்பிடப் போகாதீங்க, அந்த பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரிலயே எளகிடும், வந்து பாத்தா அப்பளம் மாதிரி நெளிஞ்சு கெடக்கும்.

செலவு கேட்டிங்கல்ல. கேஜ் வச்ச சைக்கிள் பம்பு ஒண்ணு 25 வெள்ளி, ஈஎஸ்பி 32 ஒரு பத்து, லோட் செல்லும் போர்டும் பத்து, செர்வோ அஞ்சு, பிரஷர் சென்சார் அஞ்சு, ஓஸ் கனெக்டர், பிவிசி குழாய், டேப்பு, போர்டுன்னு ஒரு முப்பது. நூறு வெள்ளிக்குள்ள முடிஞ்சிடும், நாலு பேர் பிரிச்சா தலைக்கு 25. பாட்டில் கணக்குல சேக்கல, அதுக்கு இருவது முப்பது வேணும், உங்க வீட்ல நோன்புப் பெருநாள் ஓப்பன் ஹவுஸ், தீபாவளி விருந்துன்னு ஏதாவது வந்தா 100 பிளஸ் பாட்டிலத் தூக்கிப் போடாம கழுவி வச்சிருங்க, மூடியோட. மூடியும் வேணும்.